பிரெஞ்சுப் படத்தில் வந்த கை

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் சந்தித்தால் இப்போது என்ன கதைக்கிறோம்? முழங்கால், கொலஸ்ட்ரோல், பிள்ளைகள் கலியாணம் வேண்டாம் என்று நிற்பது. போன மாதம் ஒரு வீட்டு விருந்தில் இதெல்லாம் கதைத்துக் களைத்துப்போய் இருந்தபோது, வீட்டுக்காரரின் மகன், தாடி வைத்த பிள்ளை, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அன்ரி, நீங்கள் பிரெஞ்சுப் படம் ஏதாவது பார்த்திருக்கிறீங்களா?" என்று இங்கிலீசில் கேட்டான். கேட்ட விதத்தில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. நான் வாயில் இருந்த வடையை விழுங்கிவிட்டு, "பத்து வயதிலேயே இருபது படத்துக்கு மேல் பார்த்து முடித்துவிட்டேன்" என்றேன். அவன் நம்பவில்லை. நம்பாமல் விட்டதும் சரிதான். அந்த இருபது படத்தையும் நான் பார்த்தது திரையின் அடியில் இருந்து மூன்று விரல் உயரத்துக்கு மட்டும்.

அவனுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் இந்த லண்டனில் பத்து வயதாக இருந்தவர்களுக்கு, வீட்டில் வருகிற எல்லாக் கடிதத்துக்கும் எல்லா போன் அழைப்புக்கும் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர்களுக்கு, இது விளங்கும்.

அப்போது நாங்கள் லூயிஷாமில் ஒரு கவுன்சில் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர். இங்கே பெற்றோல் அடிக்கிற செட்டில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடி பாவாடைகளுக்கு சிப் தைத்துக் கொடுப்பா. வீடு முழுக்கப் பாவாடைத் துணியின் மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு மணம். அதற்கு மேல் மீன் குழம்பு மணம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி முறைப்பாடு வைப்பாள் என்று ஜன்னல் திறப்பதில்லை. ஆகவே அந்த மணங்கள் எங்களோடு குடும்பமாகவே இருந்தன.

அம்மாவுக்கு ஒரே தம்பி. என் மாமா. அவர் லண்டனுக்கு வெளிக்கிட்டுப் பாரிசில் நின்றுபோனார். ஏஜென்சிக்காரன் அதற்கு மேல் கொண்டுவரவில்லை. அங்கே ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, பின்னேரங்களில் சாப்பாட்டுக் கடைகளுக்குள் போய் மேசை மேசையாக ரோசாப்பூ விற்றார். மாதம் ஒரு கடிதம் வரும். கடைசியாக வந்த கடிதத்தை அம்மா எங்களுக்கு உரக்க வாசித்தது இப்போதும் காதில் நிற்கிறது.

"அக்கா, உங்கட தம்பி படத்தில நடிச்சிட்டான். பகிடி இல்லை. வழமையாப் போற கடைக்குப் பூவோட போனன். உள்ளுக்கு லைற்றும் கமெராவுமா நிண்டு படம் எடுக்கிறாங்கள். கலைக்கப் போறாங்கள் எண்டு திரும்பினன், ஒருத்தன் ஓடிவந்து பிடிச்சு, அப்பிடியே இன்னொருக்கா வா எண்டு கையால காட்டினான். நாலு தரம் வந்து போனன். நாலு தரமும் அதே பொம்பிளைக்கு அதே பூ. ஒருதரமும் அவள் வாங்கேல்லை. கடைசியில கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டாங்கள். படத்தின்ர பேர் தெரியாது. வந்தால் பாருங்கோ."

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. ஒரு மாதம், மூன்று மாதம், எட்டு மாதம். அம்மா எழுதிய கடிதங்கள் பிரெஞ்சு முத்திரை குத்தித் திரும்பி வந்தன. அப்பா அந்த அறைக்குப் போன் எடுத்தார். ஒரு நாள் மறுமுனையில் எடுத்தவர் "அவர் ஜேர்மனிக்குப் போயிட்டார்" என்றார். மற்ற நாள் எடுத்தவர் "பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார். மூன்றாம் நாள் எடுத்தவர் "ஆர் அவர்?" என்று எங்களைக் கேட்டார். அதோடு அப்பா போன் எடுப்பதை விட்டார்.

அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டா. எங்களுக்குப் போட்டுவிட்டு, தான் பிறகு சாப்பிடுவதாகச் சொல்லித் தையல் மெஷினில் போய் இருப்பா. அந்தப் 'பிறகு' வருகிறதை நான் கண்டதில்லை.

ஒரு நாள் அப்பாவுக்குள் இருந்த பழைய கிளாக் விழித்துக்கொண்டார். "இஞ்சரும், யோசிச்சுப் பாரும்," என்றார் அம்மாவிடம். "கையெழுத்து வாங்கியிருக்கிறாங்கள். கையெழுத்து வாங்கினால் பைல் இருக்கும். பைல் இருந்தால் விலாசம் இருக்கும். எந்தப் படம் எண்டு தெரிஞ்சால் போதும், அந்தக் கொம்பனிக்கு எழுதிக் கேக்கலாம்."

"எப்பிடித் தெரியிறது?"

"பாத்துத்தான்."

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் பிரெஞ்சு சினிமா வந்தது. கலை ஆர்வத்தால் இல்லை. ஒரு விலாசம் தேடி.

அந்த நாளில் ஒரு ரீவி சனலில் கிழமைக்கு ஒன்று என்று பிரெஞ்சுப் படம் போடுவார்கள், ஊர் உறங்கிய பிறகு. அப்பா லூயிஷாம் சந்தையில் ஒரு பழைய வீடியோ டெக் வாங்கி வந்தார். ஒரு சூட்கேஸ் பாரம். மூடி மேலே எழும்பும். வீடியோ ரேப்பை வைத்து இரண்டு கையாலும் அமத்தினால் 'டக்' என்று போகும். ரிமோட்டுக்கு வயர் பூட்டியிருந்தது. அந்த வயரில் தடக்கி விழாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. பேப்பரில் நிகழ்ச்சி விபரத்தை நான் வாசிப்பேன், அப்பா ரைமர் வைப்பார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்ற கையோடு மூன்று பேரும் ரீவிக்கு முன்னால் இருப்போம்.

வேலைப் பங்கீடு இப்படி. அம்மா முகங்களைப் பார்ப்பா. கதாநாயகன், கதாநாயகி முகங்கள் தேவையில்லை. அவர்களுக்குப் பின்னால் கதவு திறக்கிறதா, யார் வருகிறார்கள், அதுதான். அப்பா ரிமோட். நான் கீழே ஓடுகிற இங்கிலீசு வரிகளை வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். அப்பாவுக்கும் இங்கிலீசு தெரியும், ஆனால் கண்ணாடியைப் போட்டு முதல் சொல்லைப் பிடிப்பதற்குள் வரி மாறிவிடும்.

பிரெஞ்சுப் படத்தில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது எந்த நேரமும் உடுப்பைக் கழற்றுவார்கள். முன்னறிவித்தல் கிடையாது. பாண் ரொட்டி வெட்டிக்கொண்டு நிற்பார்கள், அடுத்த நிமிடம் பார்த்தால் ஒன்றும் இல்லை. பத்து வயதுப் பெட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுப்பவும் முடியாது, நான்தானே வாசிக்கவேண்டும். அப்பா தன் வேலைத் தொப்பியை என் தலையில் கவிழ்த்தார். முன்பக்கம் நீளமான பெரிய தொப்பி. அதைப் புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டால், திரையில் வரிகள் மட்டும் தெரியும், மற்றது இருட்டு. கட்டில் எதையாவது கண்டால் போதும், அப்பா "தொப்பி!" என்று கத்துவார். நான் இழுப்பேன். சில படங்களில் தொடக்கத்தில் இழுத்த தொப்பியை முடிவில்தான் உயர்த்தினேன்.

அப்பா அந்த இடங்களில் ரேப்பை ஓட்டப் பார்ப்பார். அம்மா விடமாட்டா.

"ஓட்டாதேங்கோ. தம்பி வந்தால்?"

"உந்த அறைக்குள்ள பூக்காரன் என்னத்துக்கு வாறான்?"

"பிரெஞ்சுக்காரன் என்ன செய்வான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அப்பாவுக்குத் தெரியாது. ஆகவே ஓட்டவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அம்மா படத்தில் இருக்கிற கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பா, நான் தொப்பிக்குள் இருப்பேன். மூன்று பேராகச் சேர்ந்தும் ஒரு படத்தையும் நாங்கள் பார்த்து முடிக்கவில்லை.

மொழிபெயர்ப்பு எப்படி இருந்தது என்று கேளுங்கோ. முதல் படம், ஒரு ஆணும் பெண்ணும் ஒரு வீட்டுக்குள் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைக்கிற படம்.

"தெரியாதாம்," என்றேன் நான்.

"ஆருக்கு?" அம்மா கேட்டா.

"அவவுக்கு."

"என்ன தெரியாதாம்?"

"அது என்ன எண்டும் தெரியாதாம்."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "அப்ப பேசாமல் படுக்கலாம்தானே."

"தொப்பி!" என்றார் அப்பா.

நான்கைந்து ஞாயிறு இப்படிப் போனதும் எனக்கு அலுத்துவிட்டது. கதையில் நானே கை வைக்கத் தொடங்கினேன். சும்மா கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஒருவனுக்கு ஊரில் கட்டிக்கொடுக்காத மூன்று தங்கச்சிகள் வந்தார்கள். பியானோ வாசித்த ஒரு விதவைக்கு, சீதனத்தில் ஏமாற்றிய மச்சான் ஒருவர் அமைந்தார். அம்மா தைத்த துணியால் கண்ணைத் துடைத்தா. அதோடு நின்றதா? ஒரே நடிகர்தானே அங்கே எல்லாப் படத்திலும் வருவார். நீளமான மூக்கு, நனைந்த கோட்டு. அம்மா எல்லாவற்றையும் ஒரே கதையின் தொடர்ச்சி என்று நினைத்துவிட்டா.

"உவன் போன கிழமை மற்றவளை விட்டுட்டு ரெயில் ஏறினவன்தானே? இஞ்ச என்ன செய்யிறான்? வெக்கமில்லை."

நான் திருத்தவில்லை. சொந்தக் கதை இப்படி ஓடுகிறபோது எந்த எழுத்தாளர் திருத்துவார்? இப்போது நினைத்தால், அந்தச் சின்ன வீட்டில் எல்லாரும் நான் சொல்கிறதற்காகக் காத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தலைக்கு ஏறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தால் சிரிப்பார்கள். இங்கே நான் வாய் திறந்தால் அம்மா அழுவா.

அந்தப் படம் மாசி மாதம் வந்தது. வெளியே மழையோ பனியோ என்று தெரியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றில் எல்லாமே நீல வெளிச்சத்தில் இருக்கும், குளிரூட்டிப் பெட்டிக்குள் எடுத்தது மாதிரி. இதுவும் அப்படி. ஒரு சாப்பாட்டுக் கடை. நடு மேசையில் ஒருவனும் ஒருத்தியும் சண்டை. அம்மா வழமைபோல முன்னுக்கு வந்து இருந்தா. சாப்பாட்டுக் கடை என்றால் அவ கதிரை நுனிக்கு வந்துவிடுவா.

திரையின் இடது ஓரத்தில் இருந்து ஒரு கை வந்தது. மண்ணிறக் கோட்டுக் கை. விரல்களில் ஒற்றை ரோசாப்பூ. அந்த வலக்கையின் முழங்கைக்குக் கீழே மற்றக் கையின் விரல்கள் மெல்லத் தொட்டுக்கொண்டு இருந்தன. பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது எங்கள் வீடுகளில் பழக்குவார்களே, சும்மா ஒரு கையால் நீட்டாதே என்று, அதேமாதிரி. இரண்டு மூச்சுக்கு அந்தப் பூ அந்தரத்தில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை போய்விட்டது.

"நிப்பாட்டுங்கோ!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அப்பா ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

பின்னுக்கு ஓட்டினோம். நிறுத்தினோம். நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழும். அதற்குள்ளும் கை தெரிந்தது.

"இடக்கை எங்க இருக்கெண்டு பாருங்கோ," என்றா அம்மா. "நான்தான் பழக்கினனான். தொட்டுக் குடடா, தொட்டுக் குடடா எண்டு எத்தினை குட்டு."

"வெள்ளைக்காரன் ஆரும் இப்பிடிக் குடுப்பானோ? சந்தேகமே இல்லை. எங்கட ஆள்தான்," என்றார் அப்பா.

ஆனால் முகம்? முகம் திரைக்கு வெளியே இருந்தது. அப்பா ரீவிக்குக் கிட்டப் போய் இடது பக்கக் கண்ணாடியோடு கன்னத்தை வைத்து உள்ளே பார்த்தார். காதுமயிர் எல்லாம் மின்சாரத்தில் எழும்பி நின்றது. பிறகு, சிரிக்காதேங்கோ, ஒரு கச்சேரிக் கிளாக், ரீவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தூசியும் வயரும்தான் இருந்தது. அவர் தலையை எடுத்தபோது நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "பிளக் சரியோ எண்டு பாத்தனான்," என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினா. "பிள்ளை, கீழ என்ன போட்டிருக்கு? தம்பியோட என்ன கதைக்கினம்?"

கீழே போட்டிருந்தது அந்த மேசைச் சண்டையின் வரி. என்னால் இனி உன்னோடு இருக்க முடியாது, இந்தச் சாப்பாடும் நல்லாயில்லை என்பதுபோல ஒன்று. பூவோடு வந்தவரைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு 'சாப்பாடு நல்லாயில்லை' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"எந்த நாடு எண்டு அவ கேக்கிறா," என்றேன். "சிலோன் எண்டு அவர் சொல்லுறார்."

அம்மா எழும்பி நேராகக் குசினிக்குள் போனா. கோப்பை நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து, அந்த நீலக் கைக்கு முன்னால் இருந்து, முழுவதையும் சாப்பிட்டா. பிறகு இன்னொருதரம் போட்டா. நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு என்னவோ பெரிய உபகாரம் செய்துவிட்டேன் என்ற நினைப்பு.

அப்பா சொல்லச் சொல்ல, படக் கொம்பனிக்கு நான் இங்கிலீசில் கடிதம் எழுதினேன். பெருமதிப்புக்குரிய ஐயா, உங்கள் படத்தில் ஒரு கை வருகிறது, அந்தக் கைக்குரியவர் எனது மனைவியின் தம்பி, அவருடைய விலாசத்தைத் தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கை வருகிற இடத்தை அடையாளம் காட்ட, படம் தொடங்கி எத்தனையாவது நிமிடம் என்றும் போட்டோம். அப்பா கச்சேரி முறைப்படி அதை இரண்டு பிரதி எடுத்தார்.

அன்றிலிருந்து ரைமர் வைப்பது நின்றுவிட்டது. "ஆளைக் கண்டாச்சு, இனி என்னத்துக்கு வேற படம்?" என்றா அம்மா. நான் மட்டும் பேப்பரில் நிகழ்ச்சி விபரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கிழமையும் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது, போனது. அதில் ஏதோ ஒன்றில் மாமா முழு ஆளாக, முகத்தோடு வந்து, நாங்கள் படுத்துக் கிடக்கிற நேரத்தில் பூவை நீட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"வேற படமும் ஒருக்காப் பாப்பமே, அம்மா?"

"உனக்குப் படப் பைத்தியம் பிடிச்சிட்டுது. இருந்து படி."

பார்த்தீங்களா? நான் என்ன சொல்லமுடியும்? உண்மையைச் சொன்னால் அந்தச் சோற்றுக் கோப்பையையும் சேர்த்துத் திருப்பி வாங்குவதாக இருந்தது.

இதற்கிடையில் சந்தையில் மீன் வாங்குகிற இடத்தில் அம்மா விசயத்தைச் சொல்லிவிட்டா. அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து நேராக மன்னார் அன்ரி வந்து நின்றா. அவ தேவாலயத்துக்காரி, நாங்கள் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கிற ஆட்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் மீன்காரன் ஒருத்தன். அவவின் மூத்த மகனும் பாரிசில். அவனும் பூ விற்றவன். அவனிடமிருந்தும் ஒரு வருடமாகக் கடிதம் இல்லை.

கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தா. அப்பா ரேப்பைப் போட்டார். கை வந்தது.

"மாதாவே," என்றா அன்ரி. "இது என்ர பிள்ளையின்ர கை."

அம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்ற இடத்தில் நின்றா.

"விரலைப் பாருங்கோ தங்கச்சி. நீட்டு விரல். தகப்பன்ர விரல்."

"என்ர தம்பிக்கும் நீட்டு விரல்தான் அக்கா," என்றா அம்மா, மெதுவாக.

"இன்னொருக்காப் போடுங்கோ தம்பி," என்றா அன்ரி அப்பாவிடம்.

அப்பா போட்டார். இன்னொருதரமும் போட்டார். இரண்டு தாய்மாரும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு அன்ரி என்னைப் பார்த்தா. "பிள்ளைக்குத்தானே வாசிக்கத் தெரியும். சிலோன் எண்டு சொன்னவனாம். எந்த ஊர் எண்டும் சொன்னவனோ?"

அம்மாவும் என்னைத்தான் பார்த்தா. அப்பாவும் பார்த்தார்.

"யாழ்ப்பாணம் எண்டு," என்றேன்.

அன்ரி தலையை ஆட்டினா. "அப்ப என்ர பிள்ளை இல்லை," என்றா. "அவன் மன்னார் எண்டுதான் சொல்லுவான். வேற ஊர் சொல்லமாட்டான்." தேத்தண்ணியை முழுக்கக் குடித்தா. போகும்போது அம்மாவின் கன்னத்தைத் தடவி, "நீங்களாவது கண்டிட்டீங்கள்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினா. அந்தப் படியில் அவ இறங்கின ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது. நாற்பது வருடத்தில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், வருமான வரிக் கந்தோருக்கு உட்பட. அது மாதிரி ஒன்று இல்லை.

கொம்பனியின் பதில் சித்திரையில் வந்தது. இங்கிலீசில் நாலே வரி. இந்த முறை ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

"அந்தப் படத்தில வந்து போன ஆக்களின்ர விபரம் அவையளிட்டை இல்லையாம்."

"வடிவா வாசி பிள்ளை."

"வடிவாத்தான் வாசிக்கிறன் அம்மா."

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"எங்களுக்கு நல்வாழ்த்தாம்."

அம்மா அந்தக் கடிதத்தை மடித்து மாமாவின் கடிதத்துக்குள் வைத்தா. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்ப்பா. பார்த்துப் பார்த்து ரேப் அந்த இடத்தில் தேய்ந்தது. முதலில் பூ போனது, பிறகு விரல்கள். கடைசியில் வெள்ளைப் புள்ளிகள்தான் கொட்டின. டெக்கும் ஒரு நாள் ரேப்பைத் தின்றுவிட்டு நின்றது.

தொண்ணூறுகளில் நான் யூனிவர்சிற்றிக்குப் போனேன். நகரத்துக்கு நடுவே பழைய பிரெஞ்சுப் படங்கள் போடுகிற ஒரு சின்னத் தியேட்டர் இருந்தது. ஒரு நாள் அந்த வாசலில் அந்த நீலப் படத்தின் பெயரைக் கண்டேன். கால் நின்றுவிட்டது. ரிக்கெட் கொடுக்கிற வெள்ளைக்காரக் கிழவரிடம், "இதை ரீவியில் பார்த்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்போ நீ பாதியைத்தான் பார்த்திருப்பாய். ரீவிப் பெட்டிக்குள் அடங்காது என்று இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள். இங்கே முழு அகலமும் வரும்."

இரண்டு பக்கமும்! அப்பா ரீவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது அப்படி ஒன்றும் மடைத்தனமில்லை. அங்கேதான் ஆள் நின்றிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். மன்னார் அன்ரியிடமும் போய்ச் சொன்னேன். ஏன் என்று அவ கேட்கவில்லை, கோட்டை எடுத்தா. அவவின் மகனைப் பற்றியும் அதுவரை ஒரு செய்தியும் இல்லை. அப்பா வரமாட்டன் என்றார். நான் சப்பாத்துப் போடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்டைக்கு நீ வாசிச்சதை நானும் பிறகு வாசிச்சுப் பாத்தனான். மூண்டு நாலு தரம் போட்டுப் பாத்தால் எனக்கும் விளங்கும்தானே."

நான் சப்பாத்து நாடாவை விட்டேன். "அப்ப ஏன் சொல்லேல்லை?"

"கொம்மா அண்டைக்குச் சாப்பிட்டவ," என்றார். அவ்வளவுதான். பேப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு மத்தியானக் காட்சி. தியேட்டருக்குள் பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லாரும் கண்ணாடி போட்டு, தனித்தனியாக, செத்தவீட்டில் இருக்கிற மாதிரி. நடுவில் நாங்கள் மூவர்: கூறைச்சீலையின் மேல் கோட்டுப் போட்ட அம்மா, மடியில் கைப்பை வைத்த அன்ரி, பொய் சொன்ன நான். தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மா கூறையே உடுத்திவிட்டா. படம் தொடங்கியது. திரை அகலமென்றால் அப்படி ஒரு அகலம். கட்டில் காட்சி வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக் கடை வந்தது. அம்மா என் கையைப் பிடித்தா. மற்றப் பக்கம் அன்ரி பிடித்தா. கதவு திறந்தது. எங்கள் ரீவியில் கதவே இருந்ததில்லை. அந்தக் கதவால் மண்ணிறக் கோட்டோடு ஒருவன் வந்தான். உயரமான பெடியன், இருபது வயது இருக்கும். ஆபிரிக்கப் பிள்ளை. நல்ல கறுப்பு, பெரிய கண். மேசைக்குக் கிட்ட வந்து, கொஞ்சம் குனிந்து, இடக்கையால் வலக்கையைத் தொட்டுக்கொண்டு, அந்தப் பூவை நீட்டினான். அவள் திரும்பவில்லை. அவன் கோபிக்கவும் இல்லை. ஒருமுறை சிரித்துவிட்டுப் போனான்.

"என்ர பிள்ளை இல்லை," என்றா அன்ரி.

"என்ர தம்பியும் இல்லை," என்றா அம்மா.

பின்னால் இருந்த யாரோ 'உஷ்' என்றார்கள். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தா. சிலோன், யாழ்ப்பாணம் எல்லாம் என் முகத்தில் எழுதியிருந்திருக்கவேண்டும். அவ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, இரண்டு அடி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் இவ்வளவு வருடம் காத்த பொய், அதை யாருக்காகச் சொன்னேனோ அவவுக்கும் உதவவில்லை, யாரிடமிருந்து பறித்தேனோ அவவுக்கும் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனது.

படம் போய்க்கொண்டிருந்தது. எழும்பிப் போவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா அன்ரியின் பக்கம் சாய்ந்தா.

"அக்கா, அவையின்ர ஊரிலயும் தொட்டுத்தான் குடுக்கிறவை போல."

"ஓம். நல்லா வளர்த்திருக்கிறாள்."

"இவன்ர தாய் உதைப் பாத்திருப்பாவோ?"

அன்ரி கைப்பையைத் திறந்து இருட்டுக்குள் தடவிச் செபமாலையை எடுத்தா. முதல் மணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தா.

"என்னக்கா?"

"ஆருக்கு எண்டு சொல்லிச் செபிக்கிறது? பேர் தெரியாதே."

அம்மா கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தா.

"பூக்காரப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ, அக்கா," என்றா. "மூண்டு பேருக்கும் சேரும்."